குறைந்திருக்கிறது என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமா?

பெரம்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு இரண்டே கால் வயது, எடை 12 கிலோ. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்திருக்கிறது. உடம்பெல்லாம் சிவந்ததும் வீட்டில் அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறார்கள். பிறகு டெங்குவாக இருக்குமோ என்று தினமும் பிளேட்லெட் பார்த்திருக்கிறார்கள். 9-ஆம் நாள்தான் அது ரத்தக் குழாய்களைத் தாக்கும் காவசாகி நோய் என்று தெரிந்து, ஐ.வி.ஐ.ஜி. என்கிற எதிர்ப்பொருள் மருந்து ஏற்றப்பட்டது. அப்போது எக்கோ என்கிற இதய ஸ்கேனில் எல்.ஏ.டி. என்கிற இதயக் குழாயின் அகலம் 3.4 மி.மீ., இயல்பிலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும் இசட் ஸ்கோர் 6.4. மூன்று மாதம் கழித்து, போன வாரம் எடுத்ததில் 2.5 மி.மீ., இசட் ஸ்கோர் 2.8. “நன்றாகக் குறைந்திருக்கிறது” என்று டாக்டர் சொன்னாராம். அப்படியானால் குணமாகிவிட்டதா, ஆஸ்பிரினை நிறுத்தலாமா, ஓடியாட விடலாமா, தாமதமாகக் கொண்டுபோனது என் தவறா என்று கேட்கிறார். கடைசியாக மாமியார் சார்பில் ஒரு கேள்வியும் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

அம்மா, உங்கள் மகனுடைய அளவுகள் போகிற திசை நல்ல திசை. மூன்றே மாதத்தில் 6.4-லிருந்து 2.8-க்கு வருவதை எக்கோ அறையில் பார்க்கும்போது எங்களுக்கே முகம் மலரும். ஆனால் உங்கள் டாக்டர் “குறைந்திருக்கிறது” என்றுதான் சொன்னார், “குணமாகிவிட்டது” என்று சொல்லவில்லை. அவர் வார்த்தையை எண்ணித்தான் பேசியிருக்கிறார். இந்த நோயில் அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவில் உள்ள தூரம் அதிகம்.

குழாய்க்குள் என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். காவசாகி என்றதும் நம் ஊரில் பைக் ஞாபகம்தான் வரும். பைக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டோமிசாகு காவசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1961-இல் டோக்கியோவில் முதல் நோயாளியைப் பார்த்தார். ஆறு ஆண்டுகள் பொறுத்து, 50 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்து 1967-இல் எழுதினார். 2020-இல், 95 வயதில் காலமானார். நோயின் மூலகாரணம் இன்னும் பிடிபடவில்லை. ஏதோ ஒரு தூண்டுதலுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிப் பொங்கி, நடுத்தர அளவு ரத்தக் குழாய்களைத் தாக்குகிறது என்பது வரை தெரியும். அந்தக் குழாய்களில் இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்கள்தான் அதிகம் அடிபடுகின்றன. முதல் இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குழாயின் சுவருக்குள் புகுந்து, அதற்கு இழுவையும் உறுதியும் தருகிற மீள்தன்மை உள்ள அடுக்கைக் கிழித்துவிடுகின்றன. கிழிந்த சுவர் ரத்த அழுத்தத்துக்குத் தாங்காமல் வெளியே புடைக்கிறது. அந்தப் புடைப்புக்குத்தான் அனியூரிசம் என்று பெயர்.

பிறகு அது எப்படிக் குறைகிறது? கிழிந்த அடுக்கு மறுபடி நெய்யப்படுவதில்லை. சுவரில் உள்ள தசை அணுக்கள் பெருகி, உள்பக்கமாகத் தடித்துக்கொண்டு வந்து குழாயின் உள்வட்டத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவருகின்றன. சைக்கிள் டயரில் நூல் கிழிந்து டியூப் பிதுங்கினால் பஞ்சர் கடையில் என்ன செய்வார்கள்? பழைய டயர்த் துண்டு ஒன்றை வெட்டி அந்த இடத்தில் உள்ளே வைத்துக் காற்றடித்துத் தருவார்கள். பிதுங்கல் போய்விடும், வண்டியும் ஓடும். ஆனால் அந்த இடம் மற்ற இடங்களைப் போல வளையாது, தடித்துத்தான் இருக்கும். உங்கள் மகனுடைய குழாயிலும் உடம்பே அப்படி ஒரு துண்டு வைத்துக்கொண்டிருக்கிறது. எக்கோவில் தெரிவது உள்வட்டத்தின் அகலம் மட்டும். சுவரின் தரத்தை அந்த எண் சொல்லாது.

ஜப்பானில் கடோ என்பவரும் அவருடைய குழுவினரும் 594 குழந்தைகளை 10 முதல் 21 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 1996-இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரை உண்டு. ஐ.வி.ஐ.ஜி. வழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய தலைமுறைக் குழந்தைகள் அவர்கள். 146 பேருக்கு அனியூரிசம் வந்தது. ஓரிரு ஆண்டு கழித்து ஆஞ்சியோகிராம் எடுத்தபோது அவர்களில் 72 பேருக்கு, அதாவது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, அது சுருங்கியிருந்தது. சிறியவை அதிகம் சுருங்கும். ராட்சத அளவுக்குப் போனவை அபூர்வமாகத்தான் திரும்பும். அவற்றில்தான் பிற்காலத்தில் அடைப்பும் மாரடைப்பும் வருகின்றன.

இந்தச் சிறிது, பெரிது கணக்கு இதுதான். இசட் ஸ்கோர் என்பது இந்த உயரமும் எடையும் உள்ள குழந்தைக்கு இருக்க வேண்டிய அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் எண். 2-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 2.5-லிருந்து 5-க்குள் சிறிய அனியூரிசம். 5-லிருந்து 10-க்குள், அதோடு 8 மி.மீ.-க்குக் குறைவாகவும் இருந்தால் நடுத்தரம். 10-ஐயோ 8 மி.மீ.-ஐயோ தொட்டுவிட்டால் ராட்சத வகை. உங்கள் மகன் நடுத்தரத்தில் தொடங்கி இப்போது சிறியதில் இருக்கிறான். இன்னும் ஓர் ஆண்டில் 2-க்குக் கீழே போக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அப்படிப் போனாலும் அவன் ‘ஒருபோதும் அனியூரிசம் வராத குழந்தை’ ஆகிவிடமாட்டான். அமெரிக்க இதயச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இன்றைய அளவோடு குழாய் இதுவரை எட்டிய அதிகபட்ச அளவையும் சேர்த்துத்தான் குழந்தையை வகைப்படுத்துகிறார்கள். நடுத்தரமாக இருந்து சிறியதானவன் ஒரு வகை, நடுத்தரமாக இருந்து இயல்புக்கு வந்தவன் வேறு வகை, முதலிலிருந்தே இயல்பாக இருந்தவன் முற்றிலும் வேறு வகை. முதலிலிருந்தே இயல்பாக இருந்தவனை ஒரு வருடத்துக்குள் இதய மருத்துவர் அனுப்பிவிடலாம். உங்கள் மகனை அப்படி அனுப்ப மாட்டார்கள்.

எக்கோ எண்ணைப் பற்றி இன்னொன்று. பெற்றோர் மில்லிமீட்டரை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். குழந்தை வளர்கிறது, குழாயும் கூடவே வளர்கிறது. இன்று 2.5 மி.மீ. அவனுக்கு அதிகம், பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் போகும்போது அதே 2.5 இயல்பாகிவிடும். அதனால் மி.மீ. மாறாமலே இசட் ஸ்கோர் இறங்கும். இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் எடுங்கள். அழுதுகொண்டு உதைக்கிற குழந்தையிடம் 2 மி.மீ. குழாயை அளப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். தூக்க மருந்து சிரப் கொடுத்துத் தூங்க வைத்து எடுக்கிறோம் என்றால் தயங்க வேண்டாம், அரை மி.மீ. தவறினால் அவன் வகையே மாறிவிடும். சினைப்பை ஸ்கேன் எடுக்கிற கூட்டத்துக்கு நடுவில் போகிறபோக்கில் எடுத்துத் தரும் எக்கோவை நம்பி ஆஸ்பிரினை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பிரினுக்கு வருவோம். காய்ச்சல் இருக்கும்போது கொடுத்தது வீக்கத்தைத் தணிக்க, அதிக அளவில். இப்போது கொடுப்பது கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி., பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மட்டும். 12 கிலோவுக்கு 75 மி.கி. மாத்திரையில் பாதி என்று எழுதியிருப்பார்கள். அது சரியான அளவுதான். குழாயில் பாதிப்பே இல்லாத குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் நிறுத்திவிடுவோம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இரண்டு மாதத்தில் நிறுத்தினார்களே என்று நீங்கள் கேட்டிருப்பது அந்தக் கணக்கு. உங்கள் மகனுக்கு அனியூரிசம் இருக்கும்வரை தொடரும், இயல்புக்கு வந்த பிறகும் சில காலம் தொடரச் சொல்லலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டெங்கு காலத்தில் பிளேட்லெட் 3 லட்சத்திலிருந்து 8 லட்சத்துக்கு ஏறியபோது வீட்டில் சந்தோஷப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. பிளேட்லெட் இறங்கினால் பயம், ஏறினால் நிம்மதி. காவசாகியில் கதை தலைகீழ். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தட்டணுக்கள் எகிறும், அதே சமயத்தில்தான் குழாய் புடைத்து ரத்தம் அங்கே சுழன்று தேங்கும். ரத்தம் உறைய இதைவிடத் தோதான நேரம் இல்லை. முதல் இரண்டு மூன்று மாதங்கள் எங்களுக்கு அதிகக் கவலை தருவது இதனால்தான். உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான்.

ராட்சத அனியூரிசம் உள்ள குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோ தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் வகை ஊசியோ சேரும். வார்ஃபரின் என்றால் ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டும், அதை 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும், முருங்கைக்கீரையை ஒரு வாரம் அள்ளிப் போட்டு மறு வாரம் நிறுத்தக் கூடாது. கீரையே கூடாது என்பதில்லை, வாரா வாரம் ஒரே அளவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு இது தேவைப்படவில்லை. இதைப் படிக்கிற வேறு தாய்மார்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது வேறு எச்சரிக்கை. ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்கு ஃப்ளூ காய்ச்சலோ சின்னம்மையோ வந்தால் ரேய் சிண்ட்ரோம் என்ற, கல்லீரலையும் மூளையையும் தாக்குகிற அபூர்வமான ஆபத்து உண்டு. வராத அம்மைக்கு ஐப்பசியில் வேப்பிலை செருகினீர்கள். இனி மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது தெருவில் நிஜமான சின்னம்மை வரும், அதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். பக்கத்து வீட்டில் யாருக்காவது கொப்புளம் என்று கேள்விப்பட்டால், மகனுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பிரினுக்குப் பதில் வேறு மருந்து மாற்றுவார்கள். சின்னம்மைத் தடுப்பூசியை உடனே போடலாமே என்றால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஐ.வி.ஐ.ஜி. என்பது ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்கள். அது உடம்பில் இருக்கும்வரை தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் பலிக்காது. 11 மாதம் பொறுக்க வேண்டும். உங்கள் கணக்கில் அடுத்த புரட்டாசி. இதை ஊசி போடும் நர்ஸிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், தடுப்பூசி அட்டையில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். போலியோ சொட்டு மருந்துக்கு இந்தத் தடை இல்லை. ஃப்ளூ ஊசியை இப்போதே போடலாம், அவனுக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும்.

அடுத்து, காய்ச்சல் சிரப். வெறும் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் எடுத்துத் தரும் சிரப்புகள் பலவற்றில் பாராசிட்டமாலோடு ஐபுபுரூஃபெனோ மெஃபனமிக் ஆசிடோ கலந்திருக்கும். ஐபுபுரூஃபென் ஆஸ்பிரினின் வேலையைத் தடுத்துவிடும், அவன் மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாதது போல ஆகிவிடும். மெஃபனமிக் ஆசிட் சேர்ந்தால் ரத்தக் கசிவுக்கு வழி. பாட்டிலைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஓடட்டுமா என்றால், நன்றாக ஓடட்டும். வார்ஃபரின் இல்லாத, சிறிய அனியூரிசம் உள்ள இரண்டு வயதுப் பிள்ளையைக் கட்டிப் போட எந்தக் காரணமும் இல்லை. மாடியில் ஓடட்டும், மெரினா மணலில் புரளட்டும். பள்ளியில் சேர்க்கும்போது விளையாட்டு வாத்தியாரிடம் சொல்லி வையுங்கள். ‘இதய நோய்க் குழந்தை’ என்று ஒரு மூலையில் உட்கார வைக்கச் சொல்லி அல்ல, திடீரென்று முகம் வெளுத்தால் கூப்பிடச் சொல்லி. சிறு குழந்தைகளுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். காரணமில்லாத வாந்தி, வயிற்றுவலி, குளிர்ந்த வியர்வை, வெளுப்பு, எதற்கும் அடங்காத அழுகை என்றுதான் வரும். சுண்டல் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, ஏறும்போதே “காவசாகி, எல்.ஏ.டி. அனியூரிசம்” என்று சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு அது வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. அந்த வாக்கியத்தை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிற கேள்விதான் உங்களைத் தூங்க விடாததாக இருக்கும் என்று தோன்றுகிறது. தாமதம் என் தவறா?

சிகிச்சையே இல்லாவிட்டால் நான்கு அல்லது ஐந்து குழந்தைகளில் ஒருவருக்குக் கரோனரியில் புடைப்பு வரும். காய்ச்சல் தொடங்கி 10 நாட்களுக்குள், கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் ஐ.வி.ஐ.ஜி. ஏற்றினால் அது 100-க்கு 4, 5 பேர் என்று இறங்குகிறது. அதாவது நேரத்தோடு ஏற்றியும் சிலருக்கு வரத்தான் செய்கிறது. உங்களுக்கு ஏற்றியது 9-ஆம் நாள், கடைசி நேரம் என்றாலும் எல்லைக்குள்தான். 5-ஆம் நாள் ஏற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்தாம் நாளில் யாரால் சொல்லியிருக்க முடியும்? இந்த நோய்க்கு ரத்தப் பரிசோதனை என்று தனியாக ஒன்று கிடையாது. ஐந்து நாள் காய்ச்சல், சீழில்லாமல் சிவந்த கண்கள், வெடித்த உதடு, ஸ்ட்ராபெர்ரி போல நாக்கு, தோலில் சிவப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் ஒரு பக்கம் நெறிகட்டல் என்று அடையாளங்களை எண்ணித்தான் சொல்ல வேண்டும். அவை ஒரே நாளில் சேர்ந்து வருவதில்லை. திங்கள் வந்த கண் சிவப்பு வியாழன் போய்விட்டிருக்கும், வெள்ளிக்கிழமைதான் கை வீங்கும். விரல் நுனியில் தோல் உரிவது இரண்டாவது வாரத்துக்குப் பிறகு. அதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது ரயில் போன பிறகு பிளாட்பாரத்துக்கு வருவது மாதிரி. டெங்கு சீசனில் நகரத்தின் எல்லாக் காய்ச்சலும் டெங்குவாகத்தான் தெரியும், எங்களுக்கும்தான். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தழும்பு சிவந்து வீங்கினால் அது காவசாகிக்கு நல்ல தடயம், குறிப்பாக ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில். உங்கள் மாமியார்தான் “பழைய ஊசித் தழும்பு ஏன் சிவந்திருக்கிறது” என்று கேட்டாராம். அவர் சொன்ன பிறகுதான் டாக்டரும் உற்றுப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேப்பிலை செருகியதற்காக அவரைக் கோபித்துக்கொண்டிருந்தால், அதைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள்.

வேப்பிலையால் குழாய் புடைக்கவில்லை. அதில் சில நாள் போனது உண்மை. அது அவன் குழாயில் எத்தனை மில்லிமீட்டர் என்று உலகத்தில் யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி என்ன? இதே வேகத்தில் போனால் வருடத்துக்கு ஒருமுறை எக்கோவும் ஈ.சி.ஜி.யும். எக்கோ குழாயின் தொடக்கத்தை நன்றாகக் காட்டும், தொலைவில் போகப் போகத் தெளிவு குறையும். சுவர் தடித்துக் குறுகுவதையும் அது சரியாகக் காட்டாது. ஆகவே சில ஆண்டுகளில் ஒரு சி.டி. ஆஞ்சியோ கேட்கலாம். கொஞ்சம் பெரியவனானதும் டிரெட்மில்லில் ஓடவைத்து, உழைக்கும்போது இதயத்துக்கு ரத்தம் போதுகிறதா என்று பார்ப்பார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில் இந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கும் அனுபவம் உண்டு. எங்கே போனாலும் ஒரே இடத்தில் தொடருங்கள். பதினெட்டு வயதில் பெரியவர்களின் இதய மருத்துவரிடம் மாறும்போது, அவருக்கு முதல் எக்கோவின் பதிவே தேவைப்படும். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படம் உள்ள சி.டி.யையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள். இப்போதே இரண்டு பிரதி எடுத்து ஒன்றை உங்கள் அம்மா வீட்டில் வையுங்கள். 2015 வெள்ளத்தில் பீரோவோடு ஃபைல்களைப் பறிகொடுத்தவர்கள் வெறுங்கையோடு வந்து நின்றது எனக்கு மறக்கவில்லை.

நோய் திரும்ப வருமா என்றால், ஜப்பானில் 100-க்கு 3 பேர் அளவில் வருகிறது. ஐந்து நாள் காய்ச்சலும் சிவந்த கண்ணும் மறுபடி சேர்ந்தால் சந்தேகப்படுங்கள், ஒவ்வொரு சளிக்கும் வேண்டாம். தொற்றாது. அக்காவோடு ஒரே தட்டில் சாப்பிடலாம்.

கடைசியாக மாமியாரின் கேள்வி. அம்மை இறங்க வேண்டும் என்று திருவேற்காடு கருமாரியம்மனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டாராம், அம்மையே இல்லை என்றான பிறகு அந்த நேர்த்தியைச் செய்யலாமா, ஆஸ்பிரின் சாப்பிடும்போது தலையில் கத்தி படலாமா என்று. நேர்த்தியைச் செய்வது உங்கள் குடும்பத்து விஷயம். கத்தியைப் பற்றி நான் சொல்லலாம். புது பிளேடு போடச் சொல்லுங்கள். கீறல் பட்டால் வழக்கத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாக ரத்தம் கசியும், சுத்தமான துணியை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். காலையிலேயே போய்விட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்புங்கள், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். அன்றைக்கு அரை மாத்திரையை மறக்க வேண்டாம்.